கிராஃபைட் அடுக்குகளில் வெப்பம்: நெடுக்கில் ஓட்டம், குறுக்கில் தயக்கம்

பழுதான ஸ்மார்ட்போன் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால், பின்மூடியின் உட்புறத்திலோ திரைக்கு அடியிலோ சாம்பல் கலந்த கறுப்பில் ஒரு தாள் ஒட்டியிருப்பதைப் பெரும்பாலும் காணலாம். தலைமுடியைவிட மெல்லியது. மேலே ஒட்டிய பிளாஸ்டிக் உறை கிழிந்திருந்தால் விரலில் கறுப்பு ஒட்டும். ஏதோ ஸ்டிக்கர் என்று நினைத்து அதைப் பிய்த்துப் போடுகிறவர்கள் உண்டு. பிய்த்த பிறகும் போன் வேலை செய்யும். ஆனால் வீடியோ அழைப்பில் கொஞ்ச நேரம் பேசினால் முதுகில் ஓரிடம் மட்டும் சுடும், பிறகு போன் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

அந்தத் தாள் கிராஃபைட். பென்சிலுக்குள் களிமண்ணோடு கலந்திருப்பதும் அதே பொருள்தான். விற்பனைக் குறிப்புகளில் அதன் வெப்பக் கடத்துதிறன் 1600 என்று போட்டிருப்பார்கள். தாமிரத்துக்கு அது சுமார் 400, அலுமினியத்துக்கு 235 அளவில். ஒரு மீட்டர் தடிமனும் ஒரு சதுர மீட்டர் பரப்பும் உள்ள கட்டியின் இரு முகங்களுக்கும் இடையே ஒரு டிகிரி வேறுபாடு இருக்கும்போது எத்தனை வாட் வெப்பம் கடந்துபோகிறது என்பதே இந்த எண். ஜன்னல் கண்ணாடிக்கு அது 1, அசையாத காற்றுக்கு வெறும் 0.026.

1600 பொய்யில்லை. ஆனால் அது பாதி உண்மை. தாளின் நெடுகிலும் வெப்பம் ஓடும்போதுதான் அந்த எண் பொருந்தும். மேலிருந்து கீழாக, தாளின் தடிமனைத் துளைத்துக்கொண்டு போகும்போது அதே தாள் 5 முதல் 10 வரைதான் தேறும். அதாவது துருப்பிடிக்காத எஃகைவிடவும் மோசம். ஒரே பொருள் ஒரு திசையில் தாமிரத்தைத் தோற்கடிக்கிறது, இன்னொரு திசையில் எஃகிடம் தோற்கிறது. கிராஃபைட்டை வைத்துச் செய்த நல்ல வடிவமைப்புகளும் வீணான வடிவமைப்புகளும் இந்த ஒரு முரணைப் புரிந்துகொண்டதிலோ கோட்டைவிட்டதிலோ வந்தவைதான்.

காரணம் அணுக்கள் அடுக்கப்பட்ட விதத்தில் இருக்கிறது. 1924இல் ஜே.டி. பெர்னல் எக்ஸ் கதிர்களைக் கொண்டு கிராஃபைட்டின் அமைப்பைத் தெளிவாக்கினார். கார்பன் அணுக்கள் தேன்கூட்டுக் கண்ணிகளைப் போல அறுகோணங்களாகக் கைகோத்துத் தட்டையான தளங்களாக விரிகின்றன. ஒரே தளத்தில் பக்கத்துப் பக்கத்து அணுக்களுக்கு இடையே 0.142 நானோமீட்டர் தூரம். ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் இடையே 0.335 நானோமீட்டர், இரண்டு மடங்குக்கும் மேல். தளத்துக்குள் இருக்கும் பிணைப்பு வைரத்தில் இருப்பதைவிடவும் வலியது. தளங்களுக்கு இடையில் இருப்பதோ வான்டெர்வால்ஸ் விசை என்னும் மெல்லிய ஈர்ப்பு மட்டும். பென்சிலைத் தாளில் இழுக்கும்போது கோடு விழுவது இந்தத் தளர்ச்சியால்தான்.

உலோகங்களில் வெப்பத்தைச் சுமப்பவை பெரும்பாலும் எலெக்ட்ரான்கள். கிராஃபைட்டிலும் தனித்து ஓடும் எலெக்ட்ரான்கள் உண்டு, மின்சாரமும் பாயும். ஆனால் வெப்பத்தைப் பொறுத்தவரை அவற்றின் பங்கு சொற்பம். இங்கே சுமை தூக்குவது அணுக்கோப்பின் அதிர்வு. ஒரு முனையில் உள்ள அணு ஆடினால் பிணைப்பு வழியே அடுத்ததும் ஆடும், அந்த ஆட்டம் அலையாக நகரும். இந்த அதிர்வலைப் பொட்டலங்களை இயற்பியலில் ஃபோனான் என்கிறார்கள். அணு இலேசாகவும் பிணைப்பு விறைப்பாகவும் இருந்தால் அலை விரையும். கார்பன் இலேசானது, பிணைப்போ மிக விறைப்பானது. ஆகவே கிராஃபைட் தளத்துக்குள் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. எஃகில் அது 6 கிலோமீட்டர்தான். கிராஃபைட்டிலேயே தளத்திலிருந்து தளத்துக்குத் தாண்டும்போது வேகம் 4 கிலோமீட்டர் அளவுக்கு இறங்கிவிடும்.

வேகம் மட்டும் போதாது, இடறாமலும் ஓட வேண்டும். படிகத்தில் ஓர் அணு விடுபட்டிருந்தாலோ, ஒரு துகள் முடிந்து கோணம் மாறி அடுத்தது தொடங்கினாலோ ஃபோனான் அங்கே சிதறும். ஒழுங்கான கிராஃபைட்டில் அறை வெப்பநிலையிலேயே ஒரு ஃபோனான் சில நூறு நானோமீட்டர் வரை, சில சமயம் அதற்கு மேலும் தடையில்லாமல் போகும். அந்தத் தூரத்தில் அது ஆயிரக்கணக்கான அணுக்களைக் கடந்திருக்கும். எனவே கிராஃபைட் என்று பெயர் இருந்தால் மட்டும் 1600 வந்துவிடாது. மின்முனைகளுக்காக வார்க்கும் சாதாரணச் செயற்கைக் கிராஃபைட் 100 முதல் 200 வரை நிற்கும். அதற்குள் கோடிக்கணக்கான சிறு படிகங்கள் ஆளுக்கொரு திசை பார்த்துக் கிடக்கின்றன. உயர் தர வெப்பத்தாளில் அவை எல்லாம் ஒரே வாக்கில் படுத்திருக்கின்றன. விலை வித்தியாசம் முழுவதும் இந்தப் படுக்கை ஒழுங்குக்காகத்தான்.

(பெயரில் ஒரு குழப்பம் உண்டு. ஐரோப்பாவில் வெகுகாலம் இதை ஈயத்தின் ஒரு வகை என்றே நினைத்தார்கள். சுவீடன் வேதியியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே 1779இல் இது கார்பன் என்று காட்டினார். எழுதுதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1789இல் ஜெர்மன் கனிமவியலாளர் வெர்னர் புதுப் பெயர் சூட்டினார். தமிழிலும் அந்தப் பழைய மயக்கத்தின் தடம் இருக்கிறது: தமிழ்நாட்டில் காரீயம் என்றால் ஈய உலோகம், இலங்கையில் அதே சொல் கிராஃபைட்டையும் குறிக்கும்.)

படிகங்களை ஒரே வாக்கில் படுக்கவைக்க மூன்று வழிகள் நிலைத்திருக்கின்றன. முதலாவது, மீத்தேன் போன்ற வாயுவை மிகுந்த சூட்டில் சிதைத்து, கார்பனை ஒரு பரப்பின் மேல் படியவிடுவது. படிவதைப் பிறகு 3000 டிகிரி செல்சியஸுக்கு அருகில் அழுத்தத்தோடு பதப்படுத்தினால் தளங்கள் அநேகமாக ஒரு டிகிரிகூடப் பிசகாமல் இணையாகிவிடும். இதன் கடத்துதிறன் 2000ஐ நெருங்கும். அருமையான பொருள், ஆனால் கட்டியாக, நொறுங்கும் தன்மையோடு, கொள்ளை விலையில் வரும்.

இரண்டாவது வழி முரட்டுத்தனமானது. சுரங்கத்தில் கிடைக்கும் செதில் கிராஃபைட்டைக் கந்தக அமிலத்தில் ஊறவைக்கிறார்கள். அமில மூலக்கூறுகள் தளங்களுக்கு நடுவே நுழைந்து உட்காரும். பிறகு அதை நொடிப்பொழுதில் ஆயிரம் டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் உள்ளே இருப்பது ஆவியாகி வெடித்து, செதில் நூறு மடங்குக்கு மேல் நீண்டு புழுவைப் போல நெளியும். தொழிற்சாலையில் அதைப் புழு என்றேதான் சொல்கிறார்கள். இந்தப் புழுக்களை உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கினால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு தாளாகிவிடும். பசை எதுவும் வேண்டாம். யூனியன் கார்பைடு 1960களில் இப்படிச் செய்த தாளை கசிவுத்தடுப்பு கேஸ்கெட்டுகளுக்காக விற்கத் தொடங்கியது. அஸ்பெஸ்டாஸ் ஒதுக்கப்பட்ட பல இடங்களில் இதுவே குடியேறியது. கடத்துதிறன் 140இலிருந்து 500 வரை. பிளாஸ்மா தொலைக்காட்சிகள் வந்தபோது, கண்ணாடிக்குப் பின்னால் வெப்பத்தைச் சமமாகப் பரப்ப இந்தத் தாளைத்தான் ஒட்டினார்கள்.

போனுக்குள் இருப்பது மூன்றாவது வகை. 1980களில் ஜப்பானின் மட்சுஷிடா ஆய்வுக்கூடத்தில் முதலில் ஆராயப்பட்டு, இன்று பானசோனிக், கனேகா போன்ற நிறுவனங்கள் விற்பது. மூலப்பொருள் பாலிமைடு எனப்படும் பிளாஸ்டிக் படலம். மின்னணுச் சாதனங்களுக்குள் தேன் நிறத்தில் காணப்படும் அந்த டேப் இதே பிளாஸ்டிக்தான். அதன் மூலக்கூறுகள் தட்டை வளையங்களால் ஆனவை, படலமாக இழுக்கும்போதே படுத்த வாக்கில் அமைந்துவிடுபவை. காற்றுப் புகாத உலையில் 1000 டிகிரி வரை சூடேற்றினால் நைட்ரஜன், ஆக்சிஜன், ஹைட்ரஜன் எல்லாம் வெளியேறி, எடையில் பாதிக்குமேல் கார்பனாக மிஞ்சும். பிறகு 3000 டிகிரி வரை கொண்டுபோனால் வளையங்கள் கைகோத்துத் தளங்களாகின்றன. வெளியே வருவது சற்று உப்பிய, நுரைத்த படலம். அதை உருளையில் நசுக்கினால் மடங்கும் தன்மை கொண்ட, பளபளக்கும் தாள்.

இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் விவரக்குறிப்பில் புரியாமல் கிடக்கும் ஒரு விஷயத்துக்கு விடை இருக்கிறது. 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தாளுக்கு 1950, 25 மைக்ரான் தாளுக்கு 1600, 100 மைக்ரான் தாளுக்கோ 700 மட்டும். தடிமன் கூடக் கூடக் கடத்துதிறன் குறைகிறது. தடித்த படலத்தின் நடுவிலிருந்து வாயு வெளியேற வழி தேடும்போது அடுக்குகளைக் கிழித்துக்கொண்டு போகிறது, குமிழ்கள் மிஞ்சுகின்றன, அடர்த்தி பாதிக்கும் கீழே இறங்குகிறது. ஆகவே கூடுதல் வெப்பத்தைக் கடத்த வேண்டுமென்றால் தடித்த தாள் ஒன்றைப் போடாமல், மெல்லிய தாள்கள் பலவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டுகிறார்கள். அப்படி ஒட்டும்போது ஒவ்வொரு தாளுக்கு நடுவிலும் பசை வருகிறது. அந்தக் கதைக்கு வருவோம்.

முதலில் தாமிரத்தோடு ஒரு கணக்கு. தாளின் நெடுகில் எவ்வளவு வெப்பம் போகும் என்பதைத் தீர்மானிப்பது கடத்துதிறன் மட்டுமில்லை, கடத்துதிறனைத் தடிமனால் பெருக்கிய தொகை. 25 மைக்ரான் கிராஃபைட்டுக்கு 1600 பெருக்கல் 25, நாற்பதாயிரம். தாமிரத்தில் அதே நாற்பதாயிரம் வர 100 மைக்ரான் தகடு வேண்டும். எடை? கிராஃபைட் தாளின் ஒரு சதுர சென்டிமீட்டர் 5 மில்லிகிராமுக்கும் குறைவு. தாமிரத் தகடு 90 மில்லிகிராம். எடையில் பதினெட்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம். அரை மில்லிமீட்டருக்கும் அடித்துக்கொள்ளும் போன் வடிவமைப்பாளர் ஏன் இதன் பின்னால் போகிறார் என்பது இந்த ஒரு வரிக் கணக்கில் தெரிந்துவிடும்.

ஆனால் எடுத்துக்கொண்ட வெப்பத்தைத் தாள் விழுங்கிவிடுவதில்லை. இவ்வளவு மெல்லிய பொருளில் சேமித்துவைக்க இடமே கிடையாது. அது செய்வது பங்கீடு மட்டும். ஒரு சிப் 3 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். விசிறி இல்லாத ஒரு பரப்பு, காற்றோட்டத்தாலும் கதிர்வீச்சாலும் சேர்ந்து, சதுர மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 10 வாட் வெப்பத்தை இழக்கும். அந்த 3 வாட்டும் 20 சதுர சென்டிமீட்டர் வழியே மட்டும் வெளியேற வேண்டுமானால் அந்தப் பரப்பு சுற்றுப்புறத்தைவிட 150 டிகிரி சூடாக வேண்டும். அது நடக்காத காரியம், அதற்குள் சிப் தன்னைத்தானே முடக்கிக்கொண்டுவிடும். அதே 3 வாட்டை 100 சதுர சென்டிமீட்டர் முதுகு முழுவதும் பரப்பினால் 30 டிகிரி உயர்வோடு சமாளித்துவிடலாம். கிராஃபைட் தாள் போனைக் குளிரவைக்கிறது என்பது தளர்வான பேச்சு. சூட்டை ஓரிடத்தில் குவியவிடாமல் உடம்பெங்கும் பரப்பி, வெளியே விடும் வேலையைக் காற்றிடம் ஒப்படைக்கிறது, அவ்வளவே.

இப்போது பசை. குறுக்குத் திசையில் கிராஃபைட் மோசம் என்று சொன்னேன். அப்படியானால் சிப்பிலிருந்து தாளுக்குள் வெப்பம் நுழைவதே கடினம்தானே? பலரும் இங்கே தவறான எதிரியைப் பிடிக்கிறார்கள். குறுக்குக் கடத்துதிறனை வெறும் 5 என்றே எடுத்துக்கொள்வோம். 25 மைக்ரான் தடிமனை, ஒரு சதுர சென்டிமீட்டர் வழியே 3 வாட் கடந்தால் ஏற்படும் வெப்பநிலை வித்தியாசம் 0.15 டிகிரி. பொருட்படுத்தவே வேண்டாம். அந்தத் தாளை ஒட்ட 10 மைக்ரான் பசை இருந்தால்? பசையின் கடத்துதிறன் சாதாரணமாக 0.2. வித்தியாசம் 1.5 டிகிரி, பத்து மடங்கு. பசை சரியாகப் படியாமல் அதே 10 மைக்ரானுக்குக் காற்று புகுந்திருந்தால்? பதினொன்றரை டிகிரி. தாளின் குறையை நொந்துகொண்டிருக்கும்போது, உண்மையான இழப்பு ஒட்டிய விதத்தில் நடந்துகொண்டிருக்கிறது. பழுதுபார்க்கும்போது ஒருமுறை பிரித்த தாளை மறுபடி அப்படியே அமுக்கி ஒட்டுவது ஏன் பழைய பலனைத் தருவதில்லை என்பதற்கும் இதுவே காரணம். சுருக்கம் விழுந்த இடத்தில் அடுக்குகள் விரிசல்விட்டிருக்கும், அடியில் காற்றுக் குமிழ்கள் சிக்கியிருக்கும். புதிதாக ஒன்று வெட்டி ஒட்டுவதே மேல்.

தாள் மெல்லியதாக இருக்கும்வரைதான் இந்தச் சலுகை. ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போனால் குறுக்குத் திசையின் ஏழ்மை வெளிப்படையாகக் கடிக்கத் தொடங்கும். ஆகவே செயலிக்கும், அதன் மேல் உட்கார்ந்து சூட்டைக் காற்றில் விடும் உலோகக் கட்டியான ஹீட்சிங்குக்கும் நடுவே வைப்பதற்காக, தாளைத் திருப்பிப் போடும் உத்தி ஒன்று வந்தது. பல அடுக்குகளை ஒட்டிக் கட்டியாக்கி, பக்கவாட்டில் வில்லை வில்லையாகச் சீவினால் தளங்கள் நிமிர்ந்து நிற்கும். படுத்திருந்த வேகம் எழுந்து நின்று, சிப்பிலிருந்து மேல்நோக்கிப் போகும். அதே இடத்தில் வழக்கமாகப் பூசும் தெர்மல் பேஸ்ட் என்ற பசையைப் போல இவை உலர்ந்துபோவதில்லை, சூடேறி ஆறும் சுழற்சியில் பிதுங்கி வெளியேறுவதும் இல்லை. ஆனால் நல்ல பேஸ்டை மெல்லியதாகப் பூசினால் கிடைக்கும் தொடர்பு இவற்றில் எளிதில் வராது. போதுமான அழுத்தம் கொடுக்க வேண்டும், விளிம்பிலிருந்து உதிரும் செதில் எதுவும் மின்சுற்றில் விழாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குறுக்குத் தயக்கமே வரமாக இருந்த காலமும் உண்டு. 1960களில் ஏவுகணை முனைகளுக்கும் ராக்கெட் குழல்களுக்கும் வாயுவிலிருந்து படியவைத்த கிராஃபைட்டைத் தேர்ந்தெடுத்தது, வெப்பம் உள்ளே ஊடுருவாமல் பக்கவாட்டில் பரவிப்போகும் என்பதற்காகத்தான். அதே பத்தாண்டில் இதை உட்பூச்சாகக் கொண்ட, புகையிலை பிடிக்கும் பைப்கூடக் கடைக்கு வந்தது. ராக்கெட்டுக்குச் சொன்ன அதே காரணம், கொஞ்சம் சின்ன அளவில்.

விண்வெளியில் இன்று அதன் வேலை எதிர்ப்பக்கம். செயற்கைக்கோளில் காற்று இல்லை, வெப்பம் திடப்பொருள் வழியே நடந்து, கதிர்வீச்சாக வெளியேற வேண்டும். ஒவ்வொரு கிராமும் கணக்கு. அங்கே கிராஃபைட் தாள்கள் பலவற்றைக் கட்டாக அடுக்கி, இரு முனைகளிலும் உலோகப் பிடி போட்டு, வளையும் பட்டைகளாகப் பயன்படுத்துகிறார்கள். குளிரூட்டியின் அதிர்வு உணர்கருவிக்குப் போகக்கூடாது, உணர்கருவியின் வெப்பம் மட்டும் குளிரூட்டிக்குப் போக வேண்டும். மடங்கும் தாள்கட்டு அதற்குப் பொருத்தம். அலுமினியக் கூட்டுக்குள் கிராஃபைட் கட்டியைப் புதைத்து மூடிச் செய்யும் பலகைகளும் உண்டு. நொறுங்கும் தன்மையை உலோகம் தாங்கிக்கொள்ளும், வெப்பத்தைக் கிராஃபைட் பார்த்துக்கொள்ளும். ஒரு எல்லை இருக்கிறது: கிராஃபைட்டின் கடத்துதிறன் சுமார் 100 கெல்வினில் (மைனஸ் 173 டிகிரி செல்சியஸ்) உச்சம் தொட்டு, அதற்கும் கீழே குளிர்ந்தால் செங்குத்தாகச் சரியும். திரவ ஹீலியக் குளிரில் வேலை என்றால் சுத்தமான தாமிரமோ அலுமினியமோதான்.

மின்கலங்களில், புழுவாக விரித்த கிராஃபைட்டுக்கு வேறொரு துணை கிடைத்தது: பாரஃபின் மெழுகு. மெழுகு உருகும்போது கிராமுக்குச் சுமார் 200 ஜூல் வெப்பத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் அதன் கடத்துதிறன் 0.2தான், கலத்தை ஒட்டிய மெழுகு உருகி முடித்த பிறகும் தள்ளி இருப்பது கட்டியாகவே கிடக்கும். நசுக்கிய புழுக்கட்டிக்குள் மெழுகை ஊறவைத்தால் வெப்பம் உள்ளே வரை போகப் பாதை கிடைக்கிறது. பரப்பும் வேலை கிராஃபைட்டுக்கு, சேமிக்கும் வேலை மெழுகுக்கு.

கிராஃபைட்டின் ஒற்றைத் தளமான கிராஃபீன் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விளம்பரங்களில் இப்போது கிராஃபைட் என்று யாரும் சொல்வதில்லை. 2004இல் மான்செஸ்டரில் கெய்மும் நோவோசெலோவும் ஒட்டுடேப்பை வைத்து ஒற்றைத் தளத்தைப் பிரித்தெடுத்தார்கள், 2010இல் நோபல் பரிசு வந்தது. 2008இல் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் பலாண்டின் குழு, அந்தரத்தில் தொங்கவிட்ட கிராஃபீனுக்கு 5000 அளவில் கடத்துதிறன் இருப்பதாக அறிவித்தது. பின்னால் வந்த அளவீடுகள் பலவும் அதைவிடக் குறைவு. அதைவிட முக்கியமான செய்தி 2010இல் வந்தது: அதே ஒற்றைத் தளத்தைச் சிலிக்கான் டைஆக்சைடின் மேல் படுக்கவைத்தால் மதிப்பு 600 அளவுக்கு இறங்கிவிடுகிறது. மேலும் கீழும் அலைபாயும் அதிர்வுகள்தான் கிராஃபீனில் பெருமளவு வெப்பத்தைச் சுமக்கின்றன. அடியில் ஏதாவது தொட்டால் அவை அடங்கிப்போகின்றன. போனில் தொடாமல் எதையும் தொங்கவிட முடியாது. 2018இல் ஹுவாவெய் தொடங்கிப் பல நிறுவனங்கள் அறிவித்த கிராஃபீன் குளிர்ப் படலங்கள் அநேகமாகக் கிராஃபீன் ஆக்சைடு துணுக்குகளைப் படலமாக்கி, 3000 டிகிரிக்கு அருகில் சுட்டுச் செய்தவை. சுட்டு முடிந்ததும் தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்கின்றன. அடுக்கிக்கொண்ட கிராஃபீனுக்குப் பழைய பெயர் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. படலம் நல்லதுதான், பாலிமைடு வழியைவிடத் தடிமனாகச் செய்ய வருகிறது என்பதும் உண்மை. பெயரில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் அதிகம்.

ஒழுங்குதான் எல்லாம் என்பதற்கு எதிர்ச்சாட்சி அணு உலைகளிலிருந்து வருகிறது. 1942 டிசம்பர் 2 அன்று சிகாகோவில் ஃபெர்மி இயக்கிய முதல் உலை கிராஃபைட் கட்டிகளால் அடுக்கப்பட்டது. நியூட்ரான் மோதி மோதி அணுக்களை இடம்பெயர்க்கும்போது, ஃபோனான்கள் இடறும் குழிகள் பெருகுகின்றன, கடத்துதிறன் பல மடங்கு சரிகிறது. இடம்பெயர்ந்த அணுக்கள் ஆற்றலையும் தேக்கிவைத்துக்கொள்கின்றன. 1957 அக்டோபரில் பிரிட்டனின் விண்ட்ஸ்கேல் உலையில், அந்தத் தேங்கிய ஆற்றலைச் சூடாக்கி வெளியேற்ற முயன்றபோதுதான் தீப்பிடித்தது.

ஆய்வுக்கூடத்தில் ஒழுங்கு இன்னும் விசித்திரமான ஒன்றைக் காட்டியது. வெப்பம் பொதுவாக மை ஊறுவதைப் போலப் பரவும். 2019இல் எம்.ஐ.டி. குழு ஒன்று, சுமார் 120 கெல்வினில் கிராஃபைட்டுக்குள் வெப்பம் ஒலியைப் போல அலையாக நகர்வதைக் கண்டது. அதற்கு முன் திரவ ஹீலியம் போன்ற வெகு சில இடங்களில் மட்டும் பார்த்த நிகழ்ச்சி. 2022இல் அது 200 கெல்வின் வரை எட்டியது, கிட்டத்தட்ட உலர் பனிக்கட்டியின் வெப்பநிலை. இதற்கு நடுவே, 2020இல், 8.5 மைக்ரான் தடிமனுள்ள கிராஃபைட்டில் அறை வெப்பநிலையிலேயே 4300 என்ற மதிப்பை வேறொரு குழு அளந்தது. அங்கேயும் மெல்லியதாக்க மெல்லியதாக்க மதிப்பு ஏறியது.

போன் செய்கிறவர்களுக்கு இப்போது உறுத்துவது வெப்பமல்ல, மின்சாரம். கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் இரு பக்கமும் பிளாஸ்டிக் உறை போட வேண்டியிருக்கிறது. ஆன்டெனாவின் மேல் ஒட்டினால் அலைகளை மறிக்கிறது. கம்பியில்லா மின்னேற்றச் சுருளுக்கு முன்னால் வைத்தால் தாளுக்குள் சுழல் மின்னோட்டம் கிளம்பி, குளிர்விக்க வந்த தாளே சூடாகும். அத்தகைய இடங்களில் அறுகோண போரான் நைட்ரைடு நுழைகிறது. அதே தேன்கூடு, அதே அடுக்கு, ஆனால் வெள்ளை நிறம், மின்சாரம் பாயாது. ஒழுங்கான படிகத்தில் அதன் நெடுக்குக் கடத்துதிறன் தாமிரத்தின் அளவுக்கு, 400 பக்கம் வரும். அதைத் துகளாக்கிப் பிளாஸ்டிக்கில் கலந்து தாளாக்கும்போது அதில் சிறு பங்குதான் மிஞ்சுகிறது. துகளுக்கும் துகளுக்கும் நடுவில் மறுபடியும் பசை.